மூளை அலைப் பயிற்சிப் பட்டறைக்குப் பணம் கட்டலாமா?

நீங்கள் கேட்டது இது: கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்கு வந்துபோய் உடலியலில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறீர்கள், பிராணாயாமத்துக்கு முன்னும் பின்னும் இஇஜி (தலையில் எலக்ட்ரோடு என்கிற மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவது) எடுத்து ஒப்பிடுவது ஆய்வு, இப்போது ஐந்து நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்கு அழைப்பு வந்திருக்கிறது, அதில் இஇஜி, எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்வதைக் காட்டும் ஸ்கேன்) இரண்டுக்கும் மென்பொருள் சொல்லித்தருகிறார்களாம், உங்களுக்கு எக்செல், புள்ளியியலுக்கான எஸ்பிஎஸ்எஸ் தவிர வேறெதுவும் தெரியாது. போகலாமா, போவதென்றால் என்ன தயார் செய்துகொள்வது?

போகலாம். ஆனால் பணம் கட்டும் முன் அமைப்பாளர்களுக்கு ஒரு போன் போட்டு, என் சொந்த ரிகார்டிங்கைக் கொண்டுவந்தால் அதை வைத்து உட்கார நேரம் தருவீர்களா என்று கேளுங்கள். தருவோம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிடுங்கள். எல்லாருக்கும் ஒரே டேட்டா கொடுப்போம், அதிலேயே செய்து பார்க்கலாம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். பயிற்சிக்கென்று வைத்திருக்கும் டேட்டா ரொம்ப சமர்த்தாக நடந்துகொள்ளும், எந்தப் பட்டனை அழுத்தினாலும் அழகான படம் வரும். திரும்பி வந்து உங்கள் ஃபைலைத் திறந்தால்தான் மாட்டிக்கொள்வீர்கள், அப்போது பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது.

மென்பொருளைப் பற்றி இவ்வளவு பயம் வேண்டாம். இஇஜிக்கு இஇஜிலேப், ஃபீல்ட்ட்ரிப், ப்ரெயின்ஸ்டார்ம், எம்என்இ பைதான் என்று நாலைந்து உண்டு. எஃப்எம்ஆர்ஐக்கு லண்டனிலிருந்து வந்த எஸ்பிஎம், ஆக்ஸ்ஃபோர்டின் எஃப்எஸ்எல், அமெரிக்காவின் ஏஎஃப்என்ஐ. எல்லாமே இலவசம். இஇஜிலேப் சான் டியேகோவில் அர்னோ டெலோர்ம், ஸ்காட் மேகிக் இருவரும் உருவாக்கியது, அதைப் பற்றிய கட்டுரை 2004இல் வந்தது. மெனுவைச் சொடுக்கியே பெரும்பாலான வேலையை முடிக்கலாம் என்பதால் கோடிங் தெரியாதவர்களுக்கு அதுதான் தோது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், மெனுவில் நீங்கள் செய்ததையெல்லாம் அது கட்டளைகளாக ஓர் ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டே வரும், அந்த வரிகளை எடுத்து ஒரு ஃபைலில் ஒட்டினால் அடுத்த ஆளின் டேட்டாவுக்கும் அதையே ஓட்டலாம், கோடிங் என்று தனியாக உட்கார்ந்து படிக்காமலே பாதி வந்துவிடும். அது மேட்லேப்பின் மேல் ஓடுவது, மேட்லேப்புக்குக் காசு, ஆகவே உங்கள் கல்லூரிக்கு உரிமம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் எம்என்இ பைதான். முதல் வாரம் கஷ்டமாக இருக்கும், அவ்வளவுதான்.

சரி, பட்டன் அழுத்தக் கற்றுக்கொண்டால் போதாதா என்றால், போதாது. 2020இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. 108 பேரின் எஃப்எம்ஆர்ஐ டேட்டாவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒரே 9 கருதுகோள்களைச் சோதித்துச் சொல்லுங்கள் என்றார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் அலசவில்லை, பல கருதுகோள்களுக்கு ஆமாம் என்றும் இல்லை என்றும் பதில்கள் பிரிந்து வந்தன. இத்தனைக்கும் அவர்கள் எல்லாரும் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள். மென்பொருளில் ஒவ்வொரு பெட்டியிலும் முன்கூட்டியே ஓர் எண் போட்டிருக்கும், அதை மாற்றலாமா கூடாதா, ஏன் என்பதைத்தான் பட்டறையில் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மெனு எங்கே இருக்கிறது என்பதை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் டேட்டாவில் மென்பொருள் எதுவும் சரிசெய்ய முடியாத சிக்கல் ரிகார்டிங் எடுக்கும் அறையிலேயே தொடங்கிவிடும். தலையில் தேங்காய் எண்ணெய். முந்தின நாள் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு எண்ணெய், கண்டிஷனர் எதுவும் தடவாமல் வரச் சொல்லுங்கள் என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும், நம் ஊரில் அதை ஒரு தடவை சொன்னால் போதாது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டு சனிக்கிழமை காலை லேபுக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் இருந்தால் இம்பீடன்ஸ், அதாவது மின்தடை, இறங்கவே இறங்காது. வழக்கமான மருத்துவமனை மெஷினில் 5 கிலோ ஓமுக்குக் கீழே கொண்டுவரச் சொல்வார்கள். முடியை வகிடெடுத்துப் பிரித்து, தோலைத் தேய்க்கும் ஜெல்லை பஞ்சில் தொட்டு அந்த இடத்தை மட்டும் நாலு தேய் தேய்த்து, பிறகு பேஸ்ட் வைத்து எலக்ட்ரோடை அழுத்தினால் எண் இறங்குவதைத் திரையிலேயே பார்க்கலாம். பின்னலை அவிழ்க்க வேண்டும், பூவும் ஹேர்பின்னும் எடுக்க வேண்டும். இரண்டு எலக்ட்ரோடுக்கு நடுவே பேஸ்ட் வழிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அந்த இரண்டு சேனலும் (ஒரு சேனல் என்பது ஓர் எலக்ட்ரோடின் பதிவு) ஒரே கோட்டைத்தான் காட்டும், அது மூளையின் ஒத்திசைவு அல்ல.

அப்புறம் வியர்வை. ஏப்ரல், மே மாதத்தில் புதுச்சேரிக் கடற்காற்றின் பிசுபிசுப்பில் ஏசி இல்லாத அறையில் எடுத்தால் கோடுகள் எல்லாம் மெதுவாக மேலும் கீழும் ஆடும், அரை ஹெர்ட்ஸுக்கும் குறைந்த அலை. ஃபேனைப் போட்டால் முடியும் வயரும் ஆடும். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் இன்னொன்று: லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள், சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள், கரண்ட் போய் மலிவான இன்வெர்ட்டரில் ஓடும்போது 50இன் மடங்குகளும் சேர்ந்து வரும் என்பதால் அந்த நேரத்தில் எடுத்ததைத் தனியாகக் குறித்து வையுங்கள். தலையின் மேலிருந்து வரும் மூளை சிக்னல் மொத்தமே 10 முதல் 100 மைக்ரோவோல்ட்தான், ஈசிஜியின் மில்லிவோல்ட்டோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை, ஆகவே அறையில் இருக்கும் எல்லாமே அதைவிடப் பெரிய சத்தம் போடும்.

பட்டறையில் முதல் இரண்டு நாள் ஃபில்டர் (வேண்டாத அலைகளை வெட்டுவது), ரெஃபரன்ஸ் (எதோடு ஒப்பிட்டு மின்னழுத்தத்தை அளப்பது), ஐசிஏ (கீழே சொல்கிறேன்) என்று ஓடும். அதற்குள் குதிக்குமுன் பச்சை டேட்டாவை, பத்து விநாடி பத்து விநாடியாக, கண்ணால் ஓட்டிப் பாருங்கள். நெற்றியில் இருக்கும் எஃப்பி1, எஃப்பி2 எலக்ட்ரோடுகள் இரண்டிலும் ஒரே நேரத்தில் பெரிய மேடு வந்தால் கண் சிமிட்டல். நெற்றிப் பொட்டுப் பக்கத்து சேனல்களில் புதர் மாதிரி அடர்த்தியாக வந்தால் பல்லைக் கடிக்கிறார். நெற்றியின் இரு பக்கத்து எஃப்7, எஃப்8 இல் எதிரும் புதிருமாக மெதுவான அலை வந்தால் கண் உள்ளே உருள்கிறது, அதாவது ஆள் தூங்கப் போகிறார். கண்ணை மூடியதும் பின்மண்டையில், ஓ1, ஓ2 இல், விநாடிக்குப் பத்து வாக்கில் சீரான ஆல்ஃபா அலை எழும்ப வேண்டும். ஹான்ஸ் பெர்கர் ஜெர்மனியில் 1924இல் முதன்முதலில் மனித இஇஜியைப் பதிந்து 1929இல் வெளியிட்ட காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி இது. சிலருக்கு இயல்பிலேயே ஆல்ஃபா குறைவு, ஆனால் உங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு அது தெரியவில்லை என்றால் முதலில் எலக்ட்ரோடைச் சந்தேகப்படுங்கள்.

பிராணாயாமம் என்பதால் உங்களுக்கென்று தனியாக இரண்டு கண்ணி இருக்கிறது. பயிற்சியின்போதே ரிகார்ட் செய்தால், நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்கிற மெதுவான சுவாசத்தில் தலையும் தோளும் 0.1 ஹெர்ட்ஸில் ஆடும், ஃபில்டரில் அது போய்விடும், பரவாயில்லை. ஆனால் கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான மூச்சில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையலாம், குறைந்தால் இஇஜியில் மெதுவான அலைகள், டெல்டாவும் தீட்டாவும், தானாகவே கூடும். வலிப்பு நோயாளிகளுக்கு இஇஜி எடுக்கும்போது மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வதும் இதை வைத்துத்தான். தீட்டா கூடியது, ஆகவே தியான நிலை என்று எழுதிவிட்டால், தேர்வாளர் நரம்பியல் ஆளாக இருந்தால் முதல் கேள்வியே அங்கேதான் விழும். மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவி உங்கள் துறையில் இருந்தால் அதையும் சேர்த்துப் பதியுங்கள். இரண்டாவது கண்ணி தூக்கம். இருபது நிமிடம் கண்ணை மூடி உட்கார்ந்த யாருக்கும் ஆல்ஃபா கலைந்து தீட்டா வரும், பிராணாயாமம் செய்தாலும் செய்யாவிட்டாலும். அதனால் சும்மா கண்ணை மூடி உட்காரும் ஒரு குழு கட்டாயம் வேண்டும், அது இல்லாத முன்-பின் ஒப்பீட்டை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. புதுச்சேரியின் ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் பல ஆண்டுகளாக யோகா பற்றிய உடலியல் ஆய்வுகள் நடந்திருக்கின்றன, நீங்கள் அந்த ஊரிலேயே இருக்கிறீர்கள். அந்தக் கட்டுரைகளில் ஒப்பீட்டுக் குழுவை எப்படி அமைத்தார்கள் என்பதை மட்டுமாவது பட்டறைக்கு முன் படித்துவிடுங்கள்.

ஐசிஏ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டறைகளில் அதை மந்திரக்கோல் மாதிரி காட்டுவார்கள். கலந்து கிடக்கும் சிக்னலைத் தனித்தனி மூலங்களாகப் பிரித்து, கண் சிமிட்டல் இது, இதயத்துடிப்பு இது என்று எடுத்து எறிய உதவுகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அதற்குத் தீனி போதுமான அளவு வேண்டும். இஇஜிலேப் ஆட்கள் சொல்லும் கணக்கு, சேனல் எண்ணிக்கையின் வர்க்கத்தைப்போல் 20, 30 மடங்கு மாதிரிகள். 64 சேனல் என்றால் 4096, அதன் 30 மடங்கு 1,22,880, விநாடிக்கு 250 மாதிரி எடுத்தால் எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே. உங்களுடையது மருத்துவமனை மெஷின், 19 சேனல்தான் என்றால் முக்கால் நிமிடமே கணக்குக்குப் போதும், ஆனால் கிடைப்பதும் 19 துண்டுகள்தான், பாதித் துண்டுகளில் மூளையும் தசையும் ஒட்டிக்கொண்டே இருக்கும், அதை எறிந்தால் மூளையையும் சேர்த்து எறிகிறீர்கள். இன்னொன்று, கெட்டுப்போன ஒரு சேனலைப் பக்கத்து சேனல்களை வைத்து நிரப்பிவிட்டு, அப்புறம் எல்லாச் சேனலின் சராசரியையும் ரெஃபரன்ஸாக வைத்தால், 19இல் உண்மையில் தனித்தகவல் உள்ளது 17தான். இதை ஐசிஏவிடம் சொல்லாமல் 19 துண்டு கேட்டால் ஒரே மாதிரி இரட்டைப் பிறவிகளாகச் சில துண்டுகள் வரும், பார்த்தால் பெரிய கண்டுபிடிப்பு போல இருக்கும். பயிற்சியாளரிடம் இதைக் கேளுங்கள். சட்டென்று விளக்குகிறார் என்றால் நல்ல பட்டறைக்கு வந்திருக்கிறீர்கள்.

ஃபில்டரில் ஒன்றே ஒன்று: ஐசிஏவுக்கு 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவது நல்லது, ஆனால் பி300 மாதிரி மெதுவான ஈஆர்பி (ஒரு தூண்டலுக்கு மூளை தரும் பதில் அலை) பார்க்கிறவர்களுக்கு அந்த வெட்டு அலையின் உருவத்தையே கெடுக்கும், அதனால் 1 ஹெர்ட்ஸ் வெட்டிய நகலில் ஐசிஏ ஓட்டி, கிடைத்த எடைகளை 0.1 ஹெர்ட்ஸ் வெட்டிய அசலில் போடுவார்கள். உங்களுக்குப் பவர், அதாவது ஒவ்வோர் அலை வகையின் வலு, மட்டும்தான் வேண்டும், இந்த வம்பு இல்லை. ரிகார்டிங்கைச் சிறு நேரத் துண்டுகளாக வெட்டிய பிறகு ஃபில்டர் போடாதீர்கள், முழு ரிகார்டிங்குக்குப் போட்டுவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

சோர்ஸ் லோக்கலைசேஷன் என்று மூளைக்குள் சிவப்பாக ஒரு புள்ளி காட்டும் படம் ஒருநாள் வரும், எல்லாரும் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். 19 எலக்ட்ரோடில் அதை நம்பி ஒரு வரிகூட எழுதாதீர்கள். வெளியே அளந்த மின்னழுத்தத்திலிருந்து உள்ளே எங்கே மின்னோட்டம் என்பதற்கு ஒரே விடை கிடையாது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853லேயே சொல்லிவிட்டார். கூடுதல் அனுமானங்களை வைத்துத்தான் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அந்த அனுமானங்கள் தாங்க வேண்டுமென்றால் எலக்ட்ரோடும் நிறைய வேண்டும், அவரவர் எம்ஆர்ஐயும் இருந்தால் நல்லது.

எஸ்பிஎஸ்எஸ் தெரியும் என்றீர்கள், அங்கேதான் எனக்குக் கொஞ்சம் கவலை. 19 சேனல், டெல்டா முதல் காமா வரை 5 அலைப் பட்டை, மொத்தம் 95 டி-டெஸ்ட் (இரண்டு சராசரிகளை ஒப்பிடும் சோதனை). தற்செயலுக்கு விடும் வரம்பை 0.05 என்று வைத்தால் ஒன்றுமே நடக்காவிட்டாலும் சராசரியாக நாலைந்து 'குறிப்பிடத்தக்க' முடிவு வரும், அதில் இரண்டை எடுத்துக் கதை கட்டிவிடலாம். எஃப்எம்ஆர்ஐயில் இது இன்னும் மோசம், ஒரு லட்சம் வோக்ஸல் (படத்தின் குட்டிக் கனசதுரங்கள்) இருந்தால் 0.001 என்று வைத்தாலும் நூறு பொய்ப் புள்ளி. 2009இல் அமெரிக்காவில் கிரெய்க் பென்னட் குழுவினர் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, மனிதர்கள் உள்ள படங்களை அதற்குக் காட்டி, இத்தனை சோதனைக்கும் ஏற்ப வரம்பைக் கடுமையாக்கும் திருத்தத்தைச் செய்யாமல் அலசினால் மீனின் மூளையிலும் 'செயல்பாடு' தெரிகிறது என்று காட்டினார்கள், 2012இல் அதற்கு இக் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே எந்தப் பட்டை, எந்தச் சேனல்கள் என்பதை டேட்டாவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு, வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சேனலையும் பார்த்தே ஆகவேண்டும் என்றால் இந்தப் பொய் முடிவுகளைக் கட்டுப்படுத்தும் கிளஸ்டர் பெர்முடேஷன் என்கிற முறையைக் கற்றுக்கொள்ளுங்கள், ஃபீல்ட்ட்ரிப்பில் நன்றாக இருக்கிறது.

எஃப்எம்ஆர்ஐ வகுப்புகளை உட்கார்ந்து கேளுங்கள், உங்கள் ஆய்வுக்கு அதை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். செலவு ஒரு காரணம். முக்கியமான காரணம், அது அளப்பது நரம்பணுவை அல்ல, ரத்த ஆக்சிஜனை. செய்ஜி ஒகாவா 1990இல் காட்டியது அதுதான், நரம்பு வேலை செய்து ஐந்தாறு விநாடி கழித்துத்தான் சிக்னல் உச்சத்துக்கு வரும். மூச்சை அடக்கினால் கார்பன் டை ஆக்சைடு ஏறி மூளையின் ரத்தக்குழாய்கள் விரியும், சிக்னல் மூளை முழுக்க மாறும், நரம்பணு ஒன்றும் செய்யாமலே. பிராணாயாமத்துக்கு இதைவிடச் சங்கடமான கருவி கிடையாது.

தயாரிப்புக்கு: ஃபிசியோநெட் என்கிற இணையத் தரவுக் களஞ்சியத்தில் 109 பேரின் 64 சேனல் இஇஜி இலவசமாகக் கிடைக்கிறது, விநாடிக்கு 160 மாதிரி, ஒவ்வொருவருக்கும் முதல் ரிகார்டிங் ஒரு நிமிடம் கண் திறந்து, இரண்டாவது ஒரு நிமிடம் கண் மூடி. இரண்டையும் இறக்கி, ஓ1, ஓ2 இல் ஸ்பெக்ட்ரம் (எந்த வேக அலை எவ்வளவு என்கிற வரைபடம்) போட்டு, 10 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மேடு வருகிறதா என்று பாருங்கள். அதை மட்டும் தனியாகச் செய்துவிட்டுப் போனால் வகுப்பில் பாதிப் பேரைவிட நீங்கள் முன்னால் இருப்பீர்கள். (அந்த ஒரு நிமிட டேட்டாவில் ஐசிஏ ஓட்டாதீர்கள், மேலே சொன்ன கணக்கைப் போட்டால் ஏன் என்று தெரியும்.)

மென்பொருளை வீட்டிலேயே இறக்கி நிறுவிவிடுங்கள், முதல்நாள் காலை நாற்பது பேரும் ஒரே வைஃபையில் இறக்கினால் மத்தியானச் சாப்பாடு வரை வட்டம்தான் சுற்றும். ஃபோல்டர் பெயரில் இடைவெளியோ தமிழ் எழுத்தோ வேண்டாம். மேட்லேப்பில் இஇஜிலேப்பின் முதன்மை ஃபோல்டரை மட்டும் சேருங்கள், உள் ஃபோல்டர்களையெல்லாம் சேர்த்தால் விசித்திரமான பிழைகள் வரும், ஃபீல்ட்ட்ரிப்புக்கும் அப்படியே. இஇஜிக்கு 8 ஜிபி ரேம் போதும். எஃப்எஸ்எல், மூளைப் படத்தை அளக்கும் ஃப்ரீசர்ஃபர் இரண்டும் விண்டோஸில் நேரடியாக ஓடாது, லினக்ஸோ மேக்கோ வேண்டும், அந்த நாட்களில் பக்கத்தில் இருப்பவரின் திரையைப் பாருங்கள். எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பதை நோட்டில் எழுதுங்கள். ஃப்ரீசர்ஃபரில் பதிப்பு மாறினாலே அளவுகள் மாறுகின்றன என்று 2012லேயே கட்டுரை வந்துவிட்டது. உங்கள் மெஷின் ப்ரெயின்விஷன் வடிவத்தில் ஃபைல் தருவதென்றால் ஒரு ரிகார்டிங்குக்கு மூன்று ஃபைல் இருக்கும், ஒன்றின் பெயரை மட்டும் மாற்றினால் மற்றது அதைத் தேடிக்கொண்டு திறக்க மறுக்கும், மாற்றாமல் அப்படியே கொண்டுபோங்கள்.

கடைசியாக, சொந்த டேட்டாவைக் கொண்டுபோகச் சொன்னேன் அல்லவா, அதை அப்படியே பென்டிரைவில் போட்டு எடுத்துப் போகாதீர்கள். இடிஎஃப் (இஇஜி சேமிக்கும் பொதுவான வடிவம்) ஃபைலின் தலைப்பிலேயே ஆளின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும், ஃபைலின் பெயரை மாற்றினால் அது போகாது, தலைப்பை அழிக்கும் கருவியைக் கொண்டு அழிக்க வேண்டும். உங்கள் நெறிமுறைக் குழு அனுமதியில் டேட்டாவை வெளியே கொண்டுபோக இடம் இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் கேட்டு, ஒரு மின்னஞ்சலாகப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அது கிடைக்காவிட்டால் உங்கள் தலையிலேயே எலக்ட்ரோடு வைத்து, ஐந்து நிமிடம் கண் திறந்து, ஐந்து நிமிடம் கண் மூடி, அதே அறையில் அதே மெஷினில் எடுத்துக்கொண்டு போங்கள். பட்டறைக்கு அது தாராளமாகப் போதும்.